நண்பருக்குத் தவணையில் கார்: ஆர்சி யார் பெயரில் இருக்க வேண்டும்?

அஸ்தம்பட்டிக்காரர்:
என் பழைய ஸ்விஃப்ட் காரை, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பள்ளி நண்பருக்கு 3,40,000 ரூபாய்க்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறேன். ஒரு லட்சம் முன்பணம். மீதியை மாதம் 20,000 வீதம் 12 தவணைகளில் தருவார். வண்டியை இப்போதே ஒப்படைத்துவிட்டு, கடைசித் தவணை வரும்வரை ஆர்சியை என் பெயரிலேயே வைத்திருக்க எண்ணுகிறேன். இதில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
குறை இருக்கிறது, ஐயா. பணத்துக்குப் பாதுகாப்பு என்று நீங்கள் நினைக்கும் அந்த ஆர்சிதான் உங்களைப் பொறுப்பாளியாக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விற்ற பிறகு பல கை மாறியும் பெயர் மாற்றப்படாமல் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அன்றாடம் ஏறி இறங்கப்போகும் வண்டி இது. படிவம் 29, 30 கொடுத்து உடனே பெயரை மாற்றிவிடுங்கள்.

சூரமங்கலத்தான்:
இதை நான் ஏற்கவில்லை. பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டால், நான்காவது மாதம் தவணை நின்றதும் இவர் கையில் என்ன இருக்கும்? காப்பீடு நடப்பில் இருக்கும்வரை விபத்தில் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். பிரீமியத்தை இவரே கட்டி, நண்பரிடம் வாங்கிக்கொள்ளட்டும். நண்பர் என்பதாலேயே கேட்கத் தயங்கி, பணத்தையும் நட்பையும் சேர்த்து இழந்தவர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
மூன்றாம் நபர் காப்பீட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் காரே நொறுங்கினால், விற்றுவிட்ட வண்டிக்கு இழப்பீடு கேட்கிறீர்களா என்று நிறுவனம் தகராறு செய்ய இடமிருக்கிறது. பெயர் மாறியதும் 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் நண்பர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் அந்தச் சிக்கல் எழாது.

பணத்துக்குப் பிடி வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்குத்தான் ஹெச்பி (ஹைப்பாதிகேஷன்) பதிவு, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்று ஆர்சியில் குறிப்பது, இருக்கிறது. நிதி நிறுவனம்தான் கடன் கொடுத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்லவில்லை. எந்த நபருடன் செய்துகொண்ட ஈட்டு ஒப்பந்தத்தையும் ஆர்சியில் குறிக்கலாம். பெயர் மாற்றத்துடனேயே இருவரும் கையெழுத்திட்டுப் படிவம் 34 கொடுங்கள். அதன்பின் உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் வண்டி வேறொருவர் பெயருக்குப் போகாது. தவணை தவறி, ஒப்பந்தப்படி நீங்கள் வண்டியை மீட்ட பிறகும் அவர் ஆர்சியைத் தர மறுத்தால், உங்கள் பெயரில் புதிய ஆர்சி வழங்கவும் அதே பிரிவில் வழி உண்டு. பணம் தீர்ந்ததும் படிவம் 35இல் கையெழுத்திட்டு விடுவித்துவிடலாம்.

நாகலூர்த் தோட்டம்:
இருவரும் விற்பவரையே பார்க்கிறீர்கள்; வாங்குபவர் பக்கமிருந்து நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் காப்பிப் பழம் பறிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதை ஒட்டி மிளகு வரும். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் வந்துவிடும். ஆடி, ஆவணியில் உரத்துக்கும் களையெடுப்பு ஆட்களுக்கும் கொடுத்தது போகக் கையில் எதுவும் நிற்காது. மாதம் 20,000 என்று எழுதினால் நல்ல மனிதர்கூட ஆகஸ்டில் தவறுவார். மழை மாதங்களுக்கு 5,000, மீதியை ஜனவரியிலும் மார்ச்சிலும் இரண்டு பெரிய தவணைகளாக வைத்தால் அவரால் மானத்தோடு கட்ட முடியும்.

சூரமங்கலத்தான்:
தவணை மாற்றம் நியாயமானது. ஆனால் மகசூல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் முத்திரைத்தாளில் எழுதியே ஆக வேண்டும். மீட்டு வந்து விற்கும்போது காரின் மதிப்பு நிலுவையைவிடக் குறைந்திருந்தால் ஹெச்பி பதிவு அந்த வித்தியாசத்தை வாங்கித் தராது. ஆகவே முன்பணத்தை ஒன்றரை லட்சமாகக் கேளுங்கள் என்பதில் நான் மாறவில்லை.

அஸ்தம்பட்டிக்காரர்:
ஆர்சியை வைத்திருக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன்; படிவம் 34உடன் பெயரை மாற்றிவிடுவோம். முன்பணத்தைக் கூட்டிக் கேட்க எனக்கு மனமில்லை. பறிப்புக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் நவம்பரில் தோட்டத்தில் இறங்க முடியும். பருவத் தவணைக்கான தேதிகளை அவரையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.