மனநோயோடு வாழ்பவர்களுக்குத் துணையாகப் போகிறவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

கேட்டவள் நான், அதனால் முதலில் நானே எழுதுகிறேன். எட்டு வருடமாக வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு மனநல விடுதிக்குப் போய் வருகிறேன். நான் நர்ஸ் இல்லை, கவுன்சிலரும் இல்லை. துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஆலையை மூடிய பிறகு கோயில் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து போக ஆரம்பித்தோம். இப்போது இரண்டு பேர்தான் போகிறோம்.

முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. உள்ளே நுழைந்ததும் பேச ஆரம்பித்துவிடுவேன். தைரியமா இருங்க, முருகன் இருக்கான், எல்லாம் சரியாயிடும். ஒரு நாள் ஒருவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே இருந்த ஜூலு சிஸ்டர் என்னை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னாள்: "அவருக்கு ஏற்கெனவே நாலு குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது அம்மா. நீங்கள் ஐந்தாவதாகப் போகாதீர்கள். சும்மா உட்காருங்கள்." அன்றிலிருந்து உட்காரக் கற்றுக்கொண்டேன். பேசுவதைவிட அது கஷ்டம்.

அங்கே ஓர் ஆயா இருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய், சின்ன வயதிலேயே வந்தது. மாதம் ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பகல் முழுக்க ஏதோ முணுமுணுப்பார். அர்த்தமில்லாத பேச்சு என்றுதான் வார்டில் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே புழங்குவது ஆங்கிலமும் ஜூலுவும். ஆயாவுக்கு ஒரு காலத்தில் ஆங்கிலம் நன்றாக வருமாம், இப்போது போய்விட்டது. நான் சும்மா உட்கார ஆரம்பித்த மூன்றாவது வியாழக்கிழமை, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்ததால்தான் என் காதில் விழுந்தது. "பதினொண்ணு, பன்னெண்டு... என் வாளி. எடுக்காதீங்க. என் வாளி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேகசின் பேரக்ஸ் பற்றி இங்கே பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். டர்பன் நகரசபையில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் இருந்த வரிசை வீடுகள். 1960களில் அதைக் காலி செய்து எல்லோரையும் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். என் அம்மா பிறந்ததும் அங்கேதான். விடியற்காலையில் பொதுக்குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் நின்ற கதையை அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆயா வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "குழாயில தண்ணி வந்துருச்சா ஆயா?"

திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "இன்னும் இல்ல. நீ யாரு வூட்டுப் புள்ள?"

நோய் போகவில்லை. குரல்களும் போகவில்லை, யாரோ வாளியைத் தூக்கிப் போவார்கள் என்ற பயமும் போகவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. ஆயாவைக் குளிக்க வைப்பது பெரிய போராட்டம், கூப்பிட்டாலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். சிஸ்டருக்கு "தண்ணி வந்துருச்சி ஆயா" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அவள் அதைத் தாளில் ஆங்கில எழுத்தில் எழுதி அலமாரியில் ஒட்டிவைத்தாள். அதைச் சொல்லிக் கையில் ஒரு சின்ன வாளியையும் கொடுத்தால், பல நாள் தானாகவே எழுந்து நடப்பார். சில நாள் அதுவும் பலிக்காது. அன்றைக்குச் சும்மா விட்டுவிடுவார்கள். ஆயா இப்போது இல்லை. அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பீனிக்ஸ், டர்பன்

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் செய்வது வண்டி ஓட்டுவது மட்டும்தான். ஆட்களை கிளினிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். அது சின்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். மற்ற மருந்து கேட்காத ஸ்கிட்சோஃப்ரீனியாவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரையை ஆரம்பிப்பவர்களுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தில் வெள்ளணுக்கள் குறைந்துவிடக்கூடும். வேலைக்குப் போகிற வீட்டில் யார் வாராவாரம் லீவு போடுவது? வண்டி இல்லாத ஒரே காரணத்தால் நல்ல மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற பைபோலார் நோய் உள்ள ஒரு தம்பி, அதற்கு லித்தியம் மாத்திரை எடுப்பவன், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டான். பத்து நாள் விரதம். இங்கே தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருகிறது. பக்தியில் உப்பை விட்டான், தண்ணீரையும் குறைத்துக்கொண்டான். எட்டாம் நாள் பஜனைக்கு நடுவில் அவன் கை நடுங்கி டம்ளரில் இருந்த பால் தளும்பிக் கீழே கொட்டியது. நடை தள்ளாடியது. அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு "சாமி வருது" என்றார். சுற்றியிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்புறம் அவன் வாந்தி எடுத்தான். ஒரு குழுக் கூட்டத்தில் நர்ஸ் ஒருவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததால், கேட்காமல் கொள்ளாமல் அவனை வண்டியில் ஏற்றிவிட்டேன். ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளுமாம்.

"விரதமெல்லாம் உனக்கு வேண்டாம்" என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நோயால் வேலை போச்சு, கல்யாணம் நின்னுபோச்சு, சாமியையும் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் என்ன மிஞ்சும்? அடுத்த வருடம் முன்கூட்டியே டாக்டரிடமும் கோயில் ஐயரிடமும் பேசினோம். உப்புப் போட்ட சைவச் சாப்பாடு, வேளை தவறாமல் மாத்திரை, நிறையத் தண்ணீர். காவடியை அவன் தூக்கினான், நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நடந்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் உதவி செய்தவள் இல்லை, வாங்கியவள். எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

என் மகனுக்கு 22 வயது. சாப்பாட்டில் விஷம் கலக்கிறோம் என்று ஒன்பது நாளாக எதையும் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் சம்மதம் இல்லாமல் சேர்க்க நான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஃபார்ம் 04. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிற கையெழுத்தாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. கோயில் பழக்கத்தில் வந்த ஒரு பெரியம்மா, இந்தத் தொண்டு செய்பவர், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். 2002ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, கடைசி ஏழு நாளுக்குள் அவனைப் பார்த்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். அப்புறம் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிப்பார்கள். முதலில் 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அநியாயம் என்று பட்டால் மறுபரிசீலனைக் குழுவிடம் முறையிடலாம். "இது கதவைப் பூட்டுறதுக்கு இல்லம்மா, டாக்டர் அவனைப் பார்க்கிறதுக்கு" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மகன் வீட்டுக்கு வந்துவிட்டான், மாத்திரை சாப்பிடுகிறான். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறார். முதலில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க மாட்டார். நான் தூங்கினேனா என்றுதான் கேட்பார்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் தொண்டுக்கு வந்ததற்கே எசிடிமெனி விவகாரம்தான் காரணம். 2015 அக்டோபரில் கௌடெங் மாகாண சுகாதாரத் துறை, மனநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொண்ட லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடிக்கப்போவதாக அறிவித்தது. அங்கே வருடக்கணக்காக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2016க்குள் கிடைத்த இடங்களுக்கெல்லாம் மாற்றினார்கள். சிலரை பக்கி எனும் திறந்த சின்னச் சரக்கு வண்டிகளில்கூட ஏற்றிப் போயிருக்கிறார்கள். மாற்றிய 27 தொண்டு நிறுவனங்களுக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸே இல்லை என்று சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஹெல்த் ஆம்பட்ஸ்மன் 2017 பிப்ரவரி அறிக்கையில் சொன்னார். கடைசிக் கணக்கு, 144 பேர் செத்துப்போனார்கள். தன் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் இடம் இடமாகத் தேடிய குடும்பங்கள் உண்டு.

அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவரை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினால், அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இறங்கிய இடத்தில் யாருக்கும் இருக்காது. அதனால் நான் போகிற இடத்தில் அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதி, ஒரு நகலை அவர்கள் குடும்பத்திடம் கொடுத்துவிடுவேன். மாத்திரைப் பெயர் எழுதுவேன். அதற்குக் கீழே எழுதுவதுதான் எனக்கு முக்கியம். நேற்று எழுதிய பக்கம்: வலது காது கேட்காது, இடது பக்கம் உட்காரவும். செருப்பு அளவு 7. டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. மழை பெய்தால் அக்காவைக் கேட்பார்.