மகளிர் குழுக்கள் கேட்டது ஊராட்சித் திட்டத்தில் ஏறவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
எங்கள் ஊராட்சியில் 14 மகளிர் சுய உதவிக் குழுக்கள். கூட்டமைப்பின் செயலாளர் நான். வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதினோம்: கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, நெல் காயவைக்க உலர்களம். அலுவலகத்தில் கொடுத்தோம். வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. மழையில் பிணம் தூக்கிப் போகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

முன்னாள் வார்டு உறுப்பினர்:
அம்மா, தாளாகக் கொடுத்தால் தாளாகவே கிடக்கும். கிராமசபைத் தீர்மானமாக்குங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் பட்டியலை நீங்களே வாசியுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 100 பேர். உங்கள் குழுக்கள் வந்தாலே நிறைந்துவிடும்!

இன்னொருவர்:
மக்களும் அரசும் சேர்ந்து செலவு செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் பாருங்கள் அக்கா. வேலையின் செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும். உலர்களத்துக்குப் பொருந்துமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி தம்பி. பணம் திரட்டுவது கடினம். முதலில் சுடுகாட்டுப் பாதையைத் தீர்மானமாக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குழுத் தலைவிகளையும் கூட்டுகிறேன்.