அம்மாவின் நடைப்பயிற்சிக்கு வழி சொல்லுங்கள்

மலையக உறவுகளுக்கு வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. 30 வருடம் கொழுந்து பறித்தவர், முழங்கால் வலியால் இப்போது வீட்டோடு இருக்கிறார். கைகால் மெலிந்தே இருக்க, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. இடுப்புச் சுற்றளவு 97 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்களுக்கு 80 வந்தாலே கவனம் வேண்டுமாம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இரத்த அழுத்தத்தையும் சீனியையும் கூட்டி இதயத்தைப் பாதிக்கும் என்று கிளினிக்கில் வைத்தியர் விளக்கினார். எடை அவ்வளவாகக் குறையாவிட்டாலும் வேகநடை அந்தக் கொழுப்பைக் குறைக்குமாம். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தச் சொன்னார்.

எங்கே நடப்பது? எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கினால் செங்குத்துப் படிகள், மழை என்றால் வழுக்கலும் அட்டையும். “காலமெல்லாம் மலை ஏறியவளுக்கு இன்னும் என்ன நடை?” என்று அம்மா கேட்கும்போது மனம் கனக்கிறது.

முழங்கால் வலியுள்ள தாய்மார் யாராவது இஸ்தோப்பிலேயே (வீட்டு முன் திண்ணையிலேயே) நின்ற இடத்தில் நடந்து பழகியிருக்கிறார்களா? ஒரு தடவைக்கு எத்தனை நிமிடத்தில் தொடங்கினீர்கள்? ஹட்டன், நோர்வூட் பக்கம் பெண்கள் சேர்ந்து நடக்கும் சமதளம் இருந்தாலும் சொல்லுங்கள். துணை கிடைத்தால் அம்மா நிச்சயம் வருவார்.