புது பைஃபோகல் போட்டதிலிருந்து அப்பாவுக்குப் படி சரியாகத் தெரியவில்லை. லென்ஸ் ரகத்தை மாற்ற வேண்டுமா?

மாம்பலம்வாசி:
அப்பாவுக்கு 61 வயது. தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறார். பல வருடமாக பைஃபோகல்தான் (மேலே தூரப் பவர், கீழே வாசிக்கும் பவர்). பழையது கிரிப்டாக், அதாவது கீழே வாசிக்க உருண்டையாக வில்லை வைத்தது. இப்போது பவர் பார்த்துவிட்டு, புது ஃப்ரேமில் டி பைஃபோகல், அதாவது வில்லையின் மேல் விளிம்பு நேர்கோடாக இருப்பது, போட்டுக் கொடுத்தார்கள். வாசிக்கும் ஆட் பவர் (தூரப் பவரோடு வாசிக்கக் கூட்டுவது) +2.25. கண்ணில் வேறு கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பில், பேப்பர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். ஆனால் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கும்போது படியின் விளிம்பே மங்குகிறது என்கிறார். நேற்று கைப்பிடியைப் பிடித்திருந்ததால் விழாமல் தப்பித்தார். கம்ப்யூட்டர் பார்க்க மோவாயைத் தூக்கி, முன்னால் சாய்ந்து உட்கார்வதால் கழுத்து வலி வேறு. கண்ணாடிக் கடையில் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். எக்சிகியூட்டிவ், புரோகிரசிவ் என்று ஆளுக்கொன்று சொல்வதால் ஒரே குழப்பம்.

லென்ஸ்காரர்:
கண்ணாடித் துறையில்தான் இருக்கிறேன் சார். ரகம் இருக்கட்டும், முதலில் கோடு, அதாவது வாசிக்கும் வில்லையின் மேல் விளிம்பு, எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

சொல்கிறேன். கண் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காட்சி சட்டென்று மேலே எகிறும். எவ்வளவு என்பது வில்லையின் மையம் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 22 மி.மீ. உருண்டை வில்லையில் மையம் 11 மி.மீ. கீழே. 1.1 செ.மீ.யை 2.25ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5. அதாவது ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் 2.5 செ.மீ. நகர்ந்து தெரியும். டி வில்லையில் மையம் கோட்டுக்கு 5 மி.மீ. அளவில்தான் கீழே இருக்கும், அதனால் எகிறல் அதில் பாதிகூட இல்லை. எக்சிகியூட்டிவில், அதாவது கோடு லென்ஸின் குறுக்கே முழுக்கப் போவதில், மையமே கோட்டில் இருப்பதால் எகிறலே கிடையாது.

ஆக, கிரிப்டாக்கில் ஒழுங்காகப் படி இறங்கியவருக்கு டி இன்னும் சுலபமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கோடு ஏறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாசிக்கும் பகுதி 45 செ.மீ. தூரத்துக்கானது. அதன் வழியாக ஒன்றரை மீட்டரில் இருக்கும் படியைப் பார்த்தால் மங்கத்தான் செய்யும்.

அப்பாவுக்கு நேர் எதிரே, உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி உட்காருங்கள். அவர் எப்போதும்போல் தலையை வைத்து நேராகப் பார்க்கட்டும். கோடு கீழ் இமை விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். நிறைய நடப்பவர் என்றால் ஒன்றிரண்டு மி.மீ. இன்னும் கீழே இருந்தாலும் நல்லதுதான். கருமணிப் பக்கம், அதாவது கண்ணின் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளிப் பக்கம், ஏறியிருந்தால் பழகச் சொல்வது நியாயமே இல்லை. 61 வயதில் படியில் விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும்? இதைச் சரிசெய்யும் வரை வெளியே போக பழைய கண்ணாடியே போதும், தூரப் பவர் பெரிதாக மாறவில்லை என்றால்.

அண்ணாநகர் அக்கா:
தம்பி, எங்கள் மாமனார் எக்சிகியூட்டிவ்தான் போடுகிறார். பேரேட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தலையைத் திருப்பாமல் வாசிக்க அருமை. ஆனால் கனம், கீழ்ப்பாதி முழுக்க வாசிக்கும் பவர். அதாவது தரை எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கல். நடமாட்டம் அதிகம் என்றால் வேண்டாம் என்பேன்.

எழும்பூர் ஆப்டோமெட்ரி:
கம்ப்யூட்டர் பிரச்சினை தனி, கோட்டை இறக்கினாலும் அது தீராது. திரை 60, 70 செ.மீ. தூரத்தில் இருக்கும். பைஃபோகலில் அந்தத் தூரத்துக்கு இடமே இல்லை. மேலே தூரம், கீழே வாசிப்பு, அவ்வளவுதான். அதற்குத்தான் புரோகிரசிவ் வந்தது. அதில் நடுத்தூரமும் உண்டு, கோடும் இல்லை. ஆனால் இரண்டு ஓரமும் கொஞ்சம் நெளியும், விலையும் கூடுதல், உயரம் தவறினால் இன்னும் அவஸ்தை. பல வருடம் பைஃபோகல் பழகியவருக்கு நான் முதலில் சொல்வது, மேசைக்கென்று ஒரே பவர் கண்ணாடி தனியாக. தூரப் பவரோடு ஆட் பவரில் சுமார் பாதியைச் சேர்த்துப் போடுவார்கள். சோதித்துப் பார்த்து எழுதி வாங்குங்கள்.

மாம்பலம்வாசி:
பார்த்தேன் சார். கோடு கருமணியின் கீழ் விளிம்பைத் தொடுகிறது! புது ஃப்ரேம் பழையதைவிட உயரம் குறைவு. பழைய ஃப்ரேமில் கீழ் விளிம்பிலிருந்து கோடு இருந்த அளவையே இதற்கும் வைத்துவிட்டார்கள் போல.

லென்ஸ்காரர்:
அதேதான். மூக்கில் உட்காரும் பேட் தனியாக இருக்கும் ஃப்ரேம் என்றால் அதைக் கொஞ்சம் விரித்துவிட்டால் கண்ணாடி கீழே இறங்கும், கோடும் இறங்கும். ஆனால் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ.தான் கிடைக்கும். உங்களுக்கு அது போதாது, லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்பாவை நேரில் கூட்டிப் போங்கள், ஃப்ரேமைப் போட்டு, நிற்க வைத்து, பேனாவால் லென்ஸில் குறித்து அளக்கச் சொல்லுங்கள். ஃப்ரேமை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

மாம்பலம்வாசி:
ரொம்ப நன்றி சார், அக்காவுக்கும் எல்லோருக்கும். சனிக்கிழமை அப்பாவோடு போகிறேன். ஆபீஸ் திரைக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துகொண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.