டாக்ரோலிமஸ் அளவு 19: பழைய டோஸுக்கு எப்போது ஏற்றுவது?

சிறுநீரக மாற்று செய்து 3 வருடமானவர். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை 2 மி.கி. இருவேளை; ரத்தத்தில் அதன் அளவு வழக்கமாக மி.லி.க்கு 6-7 நானோகிராம்தான். நெஞ்சுச் சளிக்கு வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. இருவேளை எழுதினார். ஐந்தாம் நாள் கை நடுக்கம், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிறது. டாக்ரோலிமஸ் அளவு 19, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.2-லிருந்து 1.9, பொட்டாசியம் 5.6.

டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும் (அதே வகை அசித்ரோமைசின் என்றால் இவ்வளவு ஏறியிருக்காது). அளவு 19 வந்தது காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில்தான். அளவை ஏற்றக்கூடிய பம்ளிமாஸ் பழம், டில்டியாசெம் (ரத்த அழுத்த மருந்து) எதுவும் இல்லை. சிறுநீரக மருத்துவர் கிளாரித்ரோமைசினை நிறுத்தி டாக்ஸிசைக்ளின் கொடுத்தார். டாக்ரோலிமஸ் இரண்டு வேளை விட்டு, இப்போது 1 மி.கி. இருவேளை. நேற்று அளவு 11.

இனி பயம் எதிர்ப்பக்கம்: நொதி பழையபடி வேலை செய்யத் தொடங்க, அளவு சரிந்து உறுப்பு நிராகரிப்பு வரலாம். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் பேசத்தான் கேட்கிறேன்: இப்படி வந்தவர்களுக்கு எத்தனை நாளுக்கொருமுறை அளவு பார்த்து, எந்த அளவில் பழைய டோஸுக்கு ஏற்றினார்கள்?