அப்பாவுக்கு எடுத்த கேலியம் ஸ்கேன்

அப்பாவுக்கு மூன்று வருஷமாக வயிற்றுப்போக்கு. சாப்பிட்டு எழுந்தால் முகம் குப்பென்று சிவந்துவிடும். அல்சர், குடல் எரிச்சல் என்று மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நாங்களும் காரத்தை நிறுத்திப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் ஒரு வகை கேன்சர்), கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. பயாப்சியில், செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 இரண்டு சதவீதம்; கிரேடு 1, அதாவது மெதுவாக வளரும் வகை. நுரையீரல் கேன்சர் வந்த சித்தப்பாவுக்கு ஜீன் டெஸ்ட் பார்த்துத்தான் மாத்திரை கொடுத்தார்கள். அப்பாவுக்கு அது எதுவும் எடுக்கவில்லை, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் கேலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் மட்டும்தான். தூக்கமே வரவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

---

அக்கா, நான் ஐந்து வருஷம் இந்தக் கட்டிகளிலிருந்து ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து உருவாகும் நகல்) பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தேன். சிறுகுடல் கட்டியில் மரபணுப் பிறழ்வுகள் குறைவு. அடிக்கடி பழுதாவது என்று 2013இல் கண்டுபிடித்த சிடிகேஎன்1பி மரபணுவின் பழுது கூட நூற்றில் எட்டுப் பேரிடம்தான் இருந்தது. அதனால் எது கெட்டிருக்கிறது என்பதைவிட எது மும்முரமாக வேலை செய்கிறது என்றுதான் தேடுவோம். இந்தக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்டிஆர்2 மரபணு மும்முரமாக இருக்கும். அது செல்லின் மேல் உருவாக்கும் ஏற்பி என்கிற புரதத்தில்தான் ஸ்கேன் மருந்து போய் ஒட்டுகிறது. அப்பாவுக்கு எடுத்த படமே அந்த மரபணு உடம்பில் எங்கெங்கே வேலை செய்கிறது என்று காட்டும் படம்.

ஆர்என்ஏ வேலை லேசுப்பட்டதில்லை. மெழுகுக் கட்டையில் வைத்த திசுவில் அது பொடிப்பொடியாக உடைந்திருக்கும். ஒருமுறை கல்லீரலுக்குப் பரவிய கட்டியில் புதுப்புது மரபணுக்கள் எகிறியிருந்தன. பெரிய விஷயம் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் அதிலேயே கிடந்தோம். அப்புறம் பார்த்தால் கல்லீரல் செல்கள் உருவாக்கும் அல்புமினின் மரபணுவும் உச்சத்தில் நிற்கிறது. கட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த நல்ல கல்லீரல் செல்கள்தான் காரணம். அதற்குப் பிறகு பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடில் கட்டியைக் கோடு போட்டுக் காட்டாமல் ஒரு துண்டைக்கூட நாங்கள் சுரண்டியதில்லை.

---

என் வீட்டுக்காரருக்கும் குடலில்தான். ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்ததால் லுடீஷியம் என்கிற கதிரியக்க மருந்து கொடுத்தார்கள். எட்டு வாரத்துக்கு ஒன்றாக நாலு டோஸ். அதே ஏற்பியில் ஒட்டி உள்ளிருந்தே கதிர்வீச்சு கொடுக்குமாம். இன்னொன்று: இந்தக் கட்டி சுரக்கும் குரோமோகிரானின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, அப்பா ஓமிப்ரசோல், பாண்டப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையாலேயே அளவு ஏறிவிடும். ஒரு மாதம் நாங்கள் வீணாகப் பயந்து கிடந்தோம்.

---

பாண்டப்ரசோல் தினமும் காலையில் போடுகிறார்! நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கல்லீரலில் இருக்கிற எல்லாக் கட்டியுமே ஒளிர்ந்திருக்கிறதாம்.