பாலிலைசினில் செல் ஒட்டுகிறது, ஆனால் விரிய மாட்டேன் என்கிறது

மல்லேஸ்வரம்_மாணவி:
வணக்கம். பெங்களூரில் ஒரு லேப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அசட்டுக் கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை, புரதத்தை வெட்டும் டிரிப்சின் போட்டு எடுத்து, சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத மீடியத்தில் இரண்டு கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டு) விட்டேன். ஒன்றில் பாலிலைசின் என்ற பாலிமர் பூச்சு, இன்னொன்றில் உடலில் செல்களுக்கு வெளியே இருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால் இரண்டிலுமே செல் போகவில்லை. ஆனால் ஃபைப்ரோனெக்டினில் நன்றாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, பாலிலைசினில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகவே இருக்கிறது. ஒட்டியாச்சு என்றால் ஒட்டியாச்சுதானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

யெலஹங்கா_பஸ்:
சாயங்காலம் மெஜஸ்டிக்கில் பஸ் ஏறியிருக்கிறீர்களா? கம்பியைப் பிடிக்காமலேயே விழாமல் நிற்கலாம், சுற்றியிருக்கும் கூட்டம் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பாலிலைசின் அந்தக் கூட்டம். அதற்கு நேர்மின்னூட்டம், செல்லின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம், அவ்வளவுதான் ஒட்டுதல். ஃபைப்ரோனெக்டின்தான் கம்பி. பிடிக்கிற கை இன்டெக்ரின், செல்லின் மேலுறையில் இருக்கும் புரதம். ஆல்பா சங்கிலி ஒன்று, பீட்டா சங்கிலி ஒன்று என ஜோடியாக இருக்கும். மனிதரில் 18 ஆல்பா, 8 பீட்டா, அதில் அமைவது 24 ஜோடி. உங்கள் கதையில் முக்கியமானது ஆல்பா5பீட்டா1. வெளியே கம்பியைப் பிடித்த கை உள்ளே தாலின் என்ற இணைப்புப் புரதம் வழியாக, செல்லின் எலும்புக்கூடு மாதிரியான ஆக்டின் இழைகளோடு கோத்திருப்பதால்தான் செல் இழுத்து, தள்ளி, விரிய முடிகிறது. மின்னூட்டத்தில் ஒட்டினால் உள்ளே யாருக்கும் சேதி போகாது.

இன்னொன்று, ராத்திரி முழுக்க விட்டால் பாலிலைசினிலும் விரிந்துவிடலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் தானே ஃபைப்ரோனெக்டின் சுரந்து பரப்பிக்கொள்ளும். சீரம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அதில் ஃபைப்ரோனெக்டினும், அதே மாதிரி செல் பிடிக்கும் விட்ரோனெக்டினும் கலந்தே இருக்கிறது.

பழைய_பென்ச்:
பஸ் உதாரணம் சரி, ஆனால் கை எப்போதும் விரித்தபடி இருப்பதில்லை. பல இன்டெக்ரின்கள் மடங்கிக் கிடக்கும், தாலின் உள்ளேயிருந்து பீட்டாவின் வாலைப் பிடித்தால்தான் நிமிரும். மெக்னீசியம் மாதிரி உலோக அயனியும் வேண்டும், டிரிப்சினோடு, அந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிரிப்சின் அந்தக் கையையே, அதாவது இன்டெக்ரினையே, வெட்டிவிட்டதோ என்று பயப்படாதீர்கள், அதே செல் ஃபைப்ரோனெக்டினில் விரிந்ததே சாட்சி.

உங்களுக்கு நல்ல கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை) ஒன்று சொல்கிறேன். ஃபைப்ரோனெக்டினில் இன்டெக்ரின் பிடிக்கும் இடம் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலம், ஒற்றை எழுத்துக் குறியீட்டில் ஆர்ஜிடி, 1984-ல் கண்டுபிடித்தது. அந்த மூன்றும் உள்ள பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டு) மீடியத்தில் தாராளமாகக் கரைத்தால் கைகள் அதையே பிடித்துக்கொண்டு கம்பியை விட்டுவிடும். கடைசி எழுத்தை மட்டும் குளூடாமிக் அமிலமாக மாற்றினால், வித்தியாசம் ஒரே ஒரு கார்பன் நீளம், பெப்டைடு செல்லாக்காசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் கொலாஜன் பூச்சில் இதை முயன்று ஏமாறாதீர்கள், அங்கே பிடிக்கும் ஆல்பா2பீட்டா1 இன்டெக்ரின் ஆர்ஜிடியைத் தேடுவதே இல்லை.

மல்லேஸ்வரம்_மாணவி:
அண்ணா, நேற்று ராத்திரி பாலிலைசின் கவர்ஸ்லிப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். காலையில் பாதிக்கு மேல் விரிந்திருக்கிறது! பெப்டைடு பக்கத்து லேப்பில் ஒரு டியூப் இருக்கிறதாம், மூடியில் ஆர்ஜிடி என்று மட்டும் எழுதியிருக்கிறது, தேதி இல்லை.

பழைய_பென்ச்:
தேதி இல்லாத டியூபா? தொடாதேம்மா, புதிதாக ஆர்டர் போடு.